பன்னிரண்டாம் எண்ணில் வைத்த சத்தம்

பன்னிரண்டாம் எண்ணில் வைத்த சத்தம் மாறிப்போயிருப்பதை உதயரூபன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கண்டார். மின்சாரப் பியானோவின் சின்னத் திரையில், மேல்ஸ்தாயிச் சத்தத்தின் கூர்மையைக் காட்டுகிற ட்ரெபிள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூன்று என்று நின்றது. அவர் வைத்தது ஒன்பது. எந்தச் சத்தத்தைத் திருத்தினாலும் அதன் எண்களை ஒரு கொப்பியில் குறித்து வைப்பது அவருடைய பழக்கம். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைத் தேதிக்கு நேரே, அவருடைய கையெழுத்தில், ஒன்பது என்று இருந்தது.

சேமிக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தார். அந்த மெசினில் அப்படி ஒரு சங்கதி உண்டு. குமிழ்களைத் திருகி எவ்வளவு அழகாக ஒரு சத்தத்தை உண்டாக்கினாலும் போதாது. 'ஸ்டோர்' பட்டனை அழுத்த வேண்டும், எந்த எண்ணில் வைப்பது என்று காட்ட வேண்டும், திரை 'நிச்சயம்தானா' என்று கேட்கும்போது இன்னொரு தரம் அழுத்த வேண்டும். அதைச் செய்யாமல் சுவிச்சை நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் போய்விடும். மறுபடி போடும்போது பழையதுதான் வந்து நிற்கும். ஆனால் பழையது மூன்று இல்லையே. பழையது எட்டு. அதற்கு முந்தியது ஏழு. கொப்பியில் எல்லாம் இருந்தது.

மறுபடி ஒன்பதுக்கு ஏற்றி, பட்டனை இரண்டு தரம் அழுத்திச் சேமித்துவிட்டு எழுந்தார்.

உதயரூபனுக்கு நாற்பத்தெட்டு வயது. தன்னாமுனையில், பின்வளவைத் தாண்டினால் வாவித் தண்ணீர் தெரிகிற ஒரு வீட்டில் இருந்தார். 'வெள்ளிச்சரம்' என்ற இசைக்குழுவில் இருபத்தாறு வருடமாக வாசிக்கிறார். அவருடைய மனைவி அஜந்தா அதே குழுவின் பாடகி. கலியாணத்துக்கு முந்தியே மேடையில் சேர்ந்துவிட்டவர்கள். பிள்ளைகள் இல்லை. அந்த எண்பத்தெட்டுக் கட்டைப் பியானோவை ஆறு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து இறக்கியபோது, பக்கத்து வீட்டு மனிசி, "தொட்டில் கட்டப்போற வீடு மாதிரியெல்லோ கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அஜந்தாவும் சிரித்தாள்.

கம்பனிக்காரன் வைத்து அனுப்பிய சத்தங்கள் ஒன்றையும் உதயரூபன் மேடையில் பாவிப்பதில்லை. சொந்தமாகச் செய்த சத்தங்களை வைக்க அதில் நாற்பது இடங்கள் இருந்தன. நாற்பதையும் நிரப்பியிருந்தார். பன்னிரண்டு அஜந்தாவுக்காகச் செய்தது. பியானோவுக்கு அடியில் மெல்லிய வயலின் கூட்டம் ஒன்று, கட்டையைத் தொட்டவுடன் வராமல் அரை நொடி தாமதித்து எழும்பும். அவள் மூச்செடுத்துப் பாடத் தொடங்கியபிறகுதான் அது அவளுக்குக் கீழே வந்து சேரும். அந்த அரை நொடியைச் சரிப்படுத்தவே அவருக்கு மூன்று மாதம் பிடித்தது.

புதன்கிழமை பார்த்தபோது அது மறுபடி மூன்றில் நின்றது.

அடுத்த நாளே பியானோவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏறாவூருக்குப் போனார். றிஸ்லானின் இடம் அங்கேதான். மேடைகளுக்கு ஸ்பீக்கர் பொக்ஸ், மைக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறவன் றிஸ்லான். வெள்ளிச்சரத்தின் எந்த நிகழ்ச்சியானாலும் மிக்சருக்குப் பின்னால் அவன்தான் நிற்பான். சின்னச் சின்னப் பழுதுகளையும் அவனே பார்ப்பான்.

"மெமறி அழியுதோ தெரியா, றிஸ்லான். உள்ளுக்கு இரிக்கிற பட்டறி போயிட்டோ?"

றிஸ்லான் பியானோவைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தான். "இரிக்கலாம் அண்ணன். வெச்சிட்டுப் போங்க, கழட்டிப் பாக்கன்."

இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினான். "ஒரு பழுதுமில்ல. தூசி துடைச்சிரிக்கன். தேத்தண்ணி வேணாம் அண்ணன், வேல கிடக்கு" என்று நிற்காமல் போய்விட்டான். எப்போதும் அரைமணி நேரம் இருந்து கதைத்துவிட்டுப் போகிறவன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை செங்கலடியில் ஒரு கலியாணம். பகல் முகூர்த்தம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்போது பாட்டு. மேடையின் ஓரத்தில் பியானோவை வைத்துச் சுவிச்சைப் போட்டதும் உதயரூபன் முதலில் பன்னிரண்டைத்தான் திறந்து பார்த்தார். மூன்று.

இந்தத் தரம் அவருக்குக் கோபம் வந்தது. ஒன்பதுக்கு ஏற்றிச் சேமித்தார். பிறகு, ஆறு வருடமாகத் தொடாமல் விட்டிருந்த ஒரு வேலையைச் செய்தார். சேமித்ததை ஒருவரும் அழிக்க முடியாமல் பூட்டிவைக்கிற வசதி அதற்குள் இருந்தது. நான்கு எண்களைக் கொடுத்துப் பூட்டினார்.

அஜந்தா பக்கத்தில் நின்று, தொண்டைக்காகக் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "என்ன செய்யிறீங்க?"

"பூட்டிட்டன். இனி எந்தப் பேய் வந்தாலும் மாத்தேலா."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

முதல் பாட்டில் அவர் கட்டைகளைத் தொட்டதும் அஜந்தாவின் தோள் ஒரு தரம் துள்ளியது. நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, ஒரு சுற்றுக் கழித்துத்தான் பாடத் தொடங்கினாள். இருபது வருடத்தில் அவள் அப்படித் தவறவிட்டதை அவர் கண்டதில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மடியிலிருந்த பிள்ளையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள். பந்தியில் இருந்த சிலர் சோற்றில் கைவைத்தபடியே மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தின் கடைசியில், மிக்சருக்கு மேலே குனிந்து றிஸ்லான் எதையோ இழுத்து இழுத்துக் குறைத்துக்கொண்டிருந்தான். உதயரூபனுக்கோ நெடுநாளைக்குப் பிறகு பியானோ தெளிவாகக் கேட்டது. சந்தோசமாக வாசித்தார்.

பாட்டெல்லாம் முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மணப்பெண்ணின் தாய்மாமன், கனகசிங்கம் என்ற வயதான மனிதர், மேடைக்கு ஏறி வந்தார். "தம்பி, குறையா நினைக்காதீங்க. தங்கச்சிட பாட்டு நல்லம். உங்கட பியானோ மட்டும் காதுக்குள்ள ஊசி ஏத்தின மாதிரி இரிந்திச்சு. அடுத்த தரம் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

அவர் இறங்கிப் போனதும் உதயரூபன் றிஸ்லானிடம் திரும்பினார். "பொக்ஸில என்ன பிழை?"

"பொக்ஸில பிழையில்ல அண்ணன்."

"அப்ப மிக்சரிலயா?"

றிஸ்லான் கையிலிருந்த வயரைச் சுற்றி முடித்தான். பிறகு அஜந்தாவைப் பார்த்தான். உதயரூபனும் அவளைப் பார்த்தார்.

"வீட்ட போய்க் கதைப்பம்" என்றாள் அஜந்தா.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மேடைச் சேலையைக்கூட மாற்றாமல் பின்வளவில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவர் நின்றார்.

"நான்தான் மாத்தினன்" என்றாள்.

"எத?"

"பன்னிரண்ட. மத்ததுகளையும்தான். ரெண்டு வருசமா. நீங்க கொப்பியோட ஒத்துப் பாக்கத் தொடங்கினது இப்பத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "உனக்கு அந்த மெசினில ஒண்டும் தெரியாதே."

"உங்கட விரலப் பாத்துப் படிச்சன். நீங்க கிணத்தடிக்குக் குளிக்கப் போனாப்பிறகு செய்வன். நம்பர் எனக்கு விளங்காது. மெதுவாப் பாடிக்கொண்டு குமிழத் திருகுவன். என்ட குரலோட சேந்து வந்திட்டுது எண்டா நிப்பாட்டுவன். பிறகு அந்தப் பட்டன ரெண்டு தரம்."

கிணற்றடியில் நிற்கும்போது வீட்டுக்குள் அவள் முணுமுணுப்பது கேட்கும். நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக வாளியை மெதுவாகக் கவிழ்ப்பார். பயிற்சி செய்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"ஏன்?" என்று கேட்டார். சிரிப்புப் போய்விட்டது.

"கூடுதலா இரிந்திச்சு. நீங்க வைக்கிறது. தகரத்தில ஆணியால கீறுற மாதிரி. சனம் காதப் பொத்துது. நான் குறைப்பன், மிச்சத்த றிஸ்லான் மிக்சரில குறைப்பான். நீங்க சத்தம் மங்கிட்டுது எண்டு அடுத்த கிழமை இன்னும் ஒண்டு கூட்டுவீங்க."

"அவனுக்கும் தெரியும்."

"நான்தான் சொன்னன். அவனக் கோவிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாமச் செய்யச் சொல்லிக் கெஞ்சினது நான்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அடுத்த நாளே மேடைய விட்டிருப்பீங்க" என்றாள். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டி விரித்தாள். "உங்கள விட்டா எனக்கு ஆரு வாசிக்கிற? அதையும் நினைச்சன். உங்களுக்காக மட்டும்தான் செய்தனெண்டு சொல்ல மாட்டன்."

இன்னொரு கதிரையில் அவரும் இருந்தார். வாவியில் தோணியொன்று வலையை இழுத்துக்கொண்டிருந்தது. மனிதர்கள் ஏதோ கத்துவது வாயசைவில் தெரிந்தது. கேட்காதது தூரத்தால் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"எப்ப தெரிஞ்ச உனக்கு?"

அவள் சேலைத் தலைப்பை மடியில் விட்டாள்.

"எனக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்து மாறினாப்பிறகு முதல் பாடின நிகழ்ச்சி ஞாபகமா? வந்தாறுமூலையில."

ஞாபகம் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போய் அவளுடைய கையைப் பிடித்து, "உன்ட குரல் கனிஞ்சு வந்திரிக்கி. இவ்வளவு காலம் பாடினதிலயே இண்டைக்குத்தான் நல்லாப் பாடினாய்" என்று சொன்னவர் அவர். அப்படியெல்லாம் பாராட்டுகிற மனிதர் இல்லை. அதனால் அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"அண்டைக்கு என்ட குரல் கிழிஞ்சு போய்க் கிடந்த" என்றாள் அஜந்தா. "மேல போனா ஒரே பிசிறு. காத்துத்தான் வருது, குரல் வரயில்ல. இனிப் பாட மாட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு அந்த அறைக்குள்ள இரிந்தன். நீங்க வந்து அப்பிடிச் சொன்னீங்க. எனக்காகப் பொய் சொல்றீங்க எண்டு உங்கட முகத்தப் பாத்தன். பொய் இல்ல. உண்மையாத்தான் சொன்னீங்க. அப்ப விளங்கினது."

உதயரூபன் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார். "இப்பவும் அப்பிடியா? உன்ட குரல்" என்று கேட்டார்.

"ஓம். இப்ப இன்னும் கூட."

பிறகு வந்த கிழமை நகரத்துக்குப் போய்க் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டினார்கள். கண்ணாடி அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்தச் சொன்னார்கள். அஜந்தா வெளியே நின்று கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவருடைய கை அடிக்கடி உயர்ந்தது. பிறகு மடியிலேயே கிடந்தது. பரிசோதிக்கிற பெண்பிள்ளை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவர் அமைதியாக, அடுத்த சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறவரைப்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் அம்மா ஒரு தாளைக் காட்டினார். கோடு, கீழ்ஸ்தாயிச் சத்தங்களுக்கான இடப்பக்கம் நேராக வந்து, மேல்ஸ்தாயிச் சத்தங்களுக்கான வலப்பக்கம் போகப் போகக் கிணற்றுக்குள் விழுந்தது மாதிரி இறங்கியிருந்தது. "பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில கனகாலம் நிண்டதால வந்தது. போனது திரும்பி வராது. இனி மேடைக்குக் கிட்டப் போகாம இருந்தா மிச்சத்தக் காப்பாத்தலாம்."

"காதுக்கு மெசின் போட்டா?" என்று உதயரூபன் கேட்டார்.

"மத்தவங்க கதைக்கிறத விளங்க அது உதவும். நீங்க கேக்கிறது பாட்டுக்கெண்டா, அவ்வளவு நம்பிக்க தர ஏலாது."

வீட்டில் பத்துப் பதினைந்து நாள் பேச்சுக் குறைவாகவே போனது. சமைத்தாள், சாப்பிட்டார். கேட்டதற்கு மட்டும் மறுமொழி. காது கெட்டதைவிட, தன்னைச் சுற்றி இரண்டு பேர் இரண்டு வருடமாகக் குறைத்தும் கூட்டியும் நடத்தியிருக்கிறார்கள், தான் அதற்கு நடுவில் பெரிய வித்துவானைப்போல இருந்து வாசித்திருக்கிறோம் என்ற நினைப்புத்தான் அவரைத் தின்றது. றிஸ்லான் இரண்டு தரம் வந்தான். முதல் தரம் அவர் அறைக்குள்ளேயே இருந்துவிட்டார். இரண்டாம் தரம் வெளியே வந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். றிஸ்லான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் அஜந்தா கடைக்குப் போயிருந்த நேரம் பியானோவைப் போட்டார். பூட்டைத் திறந்தார். ட்ரெபிளை மூன்றுக்கு இறக்கி வாசித்துப் பார்த்தார். நனைந்த சாக்கைக் கட்டைகள்மேல் போட்டு மூடியதுபோல இருந்தது. ஊருக்கெல்லாம் இதுதான் சரியான சத்தம். ஒன்பதுக்கு ஏற்றினார். மணி மணியாகக் கேட்டது. ஊருக்கெல்லாம் இதுதான் தகரம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது அஜந்தா வந்து வாசலில் நின்றாள். ஒன்பதில் வாசிக்கும்போது அவளுடைய கண் சுருங்குவதைப் பார்த்தார். நிறுத்திவிட்டார்.

"வேற ஆள் பாக்கச் சொல்லுவம்" என்றார்.

குழுவுக்குப் புதிதாக வந்தவள் கம்சாயினி. செங்கலடியில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியை. கை நல்ல கை. பியானோவைக் குழுவிடமே கொடுத்துவிடுவது என்று உதயரூபன் முடிவு செய்தார். வீட்டில் அது மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. ஆனால் கொடுக்க முந்தி நாற்பது சத்தங்களையும் திருத்த வேண்டும். எதைத் திருத்துவது, எவ்வளவு திருத்துவது என்று அவருடைய காது சொல்லாது.

"நீ பாடு" என்று அஜந்தாவிடம் சொன்னார். "சரி எண்டதும் கையக் காட்டு. நான் சேமிக்கிறன்."

பத்து நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த வேலைதான். அவர் வாசிப்பார். அவள் பக்கத்தில் நின்று மெதுவாகப் பாடிக்கொண்டு குமிழைத் திருகுவாள். கையை உயர்த்துவாள். அவர் பட்டனை அழுத்தி, திரை கேட்கிற கேள்விக்கு மறுபடி அழுத்துவார். பிறகு எண்ணைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். வேலையோடு வேலையாகப் பேச்சும் திரும்பியது. "இதுக்கு உங்கட பழைய சத்தம்தான் நல்லம், நான் இதத் தொடயில்ல" என்று அவள் சில இடங்களில் சொன்னாள். உண்மையா என்று அவர் கேட்கவில்லை.

பன்னிரண்டைக் கடைசிக்கு விட்டிருந்தார்கள். அவர் அந்தச் சத்தத்தில் கை வைத்ததும் அஜந்தா பாடத் தொடங்கி, மேலே போகிற இடத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"கரகரக்குது."

"எனக்குக் கேக்காது, பாடு" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். சொன்னபிறகுதான் இருவருக்கும் அது எப்படிப்பட்ட பேச்சு என்று தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்துபோய் அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் அழுகிற சத்தம் தோள் எலும்பு வழியாக அவருக்குள் போனது. அது நன்றாகவே கேட்டது.

கொஞ்சம் ஆறியதும் திரும்ப வந்து பாடினாள். கையை உயர்த்தினாள். திரை கேட்டது. அழுத்தினால் ஒன்பது போய்விடும். இந்த உலகத்தில் அவருக்குத் தெளிவாகக் கேட்ட ஒரே பியானோச் சத்தம் அதுதான். வேறு எண்ணில் வைத்துக்கொள்ள இடமும் இல்லை, நாற்பதும் நிறைந்துவிட்டது. விரலைப் பட்டனில் வைத்துக்கொண்டு சற்று இருந்தார். அழுத்தினார்.

ஆவணியில் கதிரவெளியில் மீனவர் சங்கத்து ஆண்டுவிழா. கம்சாயினி வாசிக்கிற முதல் நிகழ்ச்சி. பின்னேரம் நான்கு மணிக்குத் தொடக்கம். வர வேண்டாம் என்று அஜந்தா சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவரும் றிஸ்லானின் லொறியில் முன்பக்கம் ஏறிக்கொண்டார். டொக்டர் சொன்னதை மறக்கவில்லை. மைதானத்தின் எதிர்ப்பக்கம், கடற்கரைக்கு இறங்குகிற இடத்தில், வலை காயப்போட்டிருந்த கம்பி வேலியோரமாக நின்றுகொண்டார்.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தன்னுடைய குழுவை முன்னால் நின்று பார்த்தார். மேடை அங்கிருந்து சின்னதாக இருந்தது. மத்தளமும் பேஸ் கிற்றாரும் காலடி மணல்வரைக்கும் வந்தன. கம்சாயினி நிமிர்ந்து இருந்து வாசித்தாள். அவளுடைய தோள் அசைவை வைத்தே எந்த இடம் போகிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. ஒரு பிழையும் விடவில்லை. சனம் சந்தோசமாக இருந்தது. ஒருவரும் காதைப் பொத்தவில்லை.

பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர் அவரைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஓம்" என்றார் உதயரூபன்.

அந்த மனிதர் புதினமாகப் பார்த்துவிட்டு அப்பால் போனார். கேட்டது வேறு ஏதோ போலிருக்கிறது.

அஜந்தா நடுமேடைக்கு வந்து நின்றாள். அவளுடைய பாட்டில் மேலே ஏறுகிற அந்த இடம் வர இன்னும் நான்கு அடி இருந்தது. அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார். மூச்செடுப்பது தெரிந்தது. கழுத்து நிமிர்ந்தது, வாய் திறந்தது. அவருக்கு எட்டியது மத்தளம் மட்டும். காய்ச்சலுக்கு முந்திய அவளுடைய பழைய குரல், பளிங்கு மாதிரியான குரல், வேண்டாமலே அவருடைய தலைக்குள் எழுந்து அந்த இடத்தை நிரப்பப் பார்த்தது. அவர் அதை விரும்பவில்லை. கிழிந்துபோனது என்று அவள் வெட்கப்படுகிற குரல், இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் ஊருக்கெல்லாம் பாடிக்காட்டுகிற குரல், அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் அவர் அதைக் கேட்டதில்லை. இனிக் கேட்கப்போவதும் இல்லை. இரண்டு கையாலும் காதுகளைக் குவித்து மேடையை நோக்கிப் பிடித்தார். மத்தளம் இன்னும் பெரிதாகக் கேட்டது, அவ்வளவுதான்.

அவளுடைய வாய் மூடியது. மைதானத்தில் எல்லோருடைய கையும் ஒன்றாக உயர்வதைக் கண்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று விளங்கி, கைகளைக் காதிலிருந்து எடுத்து, மற்றவர்கள் நிறுத்துகிற நேரத்தில் அவரும் தட்டத் தொடங்கினார்.